மெயினை இறக்கச் சொன்னவர்

என் மகனுக்கு,

நீ கேட்ட இரண்டு பக்கத்தை மூன்று வாரமாக எழுதாமல் இழுத்தடித்துவிட்டேன். "எழுதிட்டியாம்மா?" என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் கண் வலி என்றும் கரண்ட் இல்லை என்றும் சொன்னது வெறும் சாக்கு. என் கண் நன்றாக இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் கரண்டும் இருக்கிறது. டப்ளினுக்குப் போவதற்கு முன் சென்னையில் உன் டீம் மொத்தமும் கூடும் நாளில் வாசிக்க வேண்டும் என்று கேட்டாய். மிச்சமிருக்கும் பழைய சர்வர்களை எல்லாம் பயாஸிலிருந்து யூஈஎஃப்ஐக்கு மாற்றப் போகிறீர்கள், அங்கே இருக்கும் பாதிப் பேர் பயாஸின் அந்த நீலத் திரையைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றாய். "பயாஸ்னா என்ன, அது ஏன் போகுது, அப்புறம் அந்த ஆயுத பூஜைக் கதை. இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் போதும்மா. எங்கம்மா எழுதினதுன்னு சொல்லி நானே வாசிக்கிறேன்" என்றாய். இது தமிழில் இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் நிற்காது. அதைவிடப் பெரிய சங்கதி, அந்த ஆயுத பூஜைக் கதை பொய். சின்ன வயதிலிருந்து நீ கேட்டு வளர்ந்த கதைக்குள் ஒரு மனிதரை நான் மறைத்து வைத்திருக்கிறேன். நாற்பது பேர் முன்னால் நீ அதை வாசிப்பதற்குள் அவரை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நன்றாகத் தெரிந்ததையே முதலிலிருந்து விளக்குகிறாளே என்று எரிச்சல் படாதே. இதை வாசிக்கப் போகிறவர் நீ மட்டும் அல்ல. இன்னொருவர் இருக்கிறார், அவருக்கும் இது வரிக்கு வரி புரிய வேண்டும்.

கரண்ட் கொடுத்த அந்த நொடியில் ஒரு சர்வருக்கு ஒன்றுமே தெரியாது. தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது, எத்தனை ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அவற்றில் எதில் வேலை இருக்கிறது, எதுவும் தெரியாது. போர்டின் ஒரு மூலையில் நகம் அளவு சிப் ஒன்றில் அதன் முதல் வேலைகள் எழுதியிருக்கும். அதுதான் பயாஸ். பள்ளிக்கூடத்தில் காலையில் வருகைப் பதிவு எடுப்பதுபோல அது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா. எல்லாம் இருந்தால் டிஸ்க்கின் முதல் துண்டை, ஐந்நூற்றுப் பன்னிரண்டே எழுத்து கொள்ளும் சின்னத் துண்டை, எடுத்து மெமரியில் வைக்கும். அதன் கடைசி இரண்டு எழுத்தில் ஓர் அடையாளம் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் போதும். இதை யார் எழுதினார்கள், நடுவில் யாராவது கை வைத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்காது. மொத்த இயந்திரத்தையும் அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. சொன்னால் நம்புவதுதானே உலகம் என்று நினைத்தேன்.

அதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது, இரண்டு டிஸ்க்கும் எப்படிச் சேர்ந்து ஓடுவது, இன்றைக்கு என்ன தேதி என்பதை எல்லாம் அது தனியாக ஓரிடத்தில் குறித்து வைத்திருக்கும். கரண்ட் இருக்கும்வரை அந்தக் குறிப்பு நிற்கும். கரண்ட் போனால் காப்பாற்றப் போர்டிலேயே ஒரு பட்டன் பேட்டரி. பேட்டரி செத்து, கரண்டும் போனால் எல்லாக் குறிப்பும் அழிந்து, தொழிற்சாலையில் பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்.

துவாக்குடியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து அனுப்புவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு இணைப்பையும் எந்த வெல்டர் போட்டார், எக்ஸ்ரே ஃபிலிமில் அது தேறியதா இல்லையா என்பதெல்லாம் என் அறையில் இருந்த ஒரே சர்வரில் இருந்தது. அந்தப் பதிவு இல்லாமல் ஒரு குழாய்கூட கேட்டைத் தாண்டாது. அதனால் சர்வர் வருடம் முழுவதும் ஓடும். நிறுத்தவே மாட்டோம், ஒரே ஒரு நாளைத் தவிர. ஆயுத பூஜை அன்று எல்லா இயந்திரமும் ஓய்வெடுக்க வேண்டும் என்பது எங்கள் ஜி.எம். வைத்த சட்டம். லேத்துக்கும் கிரேனுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதுபோல என் சர்வருக்கும், அதன் யூபிஎஸ்ஸுக்கும் வைப்பார்கள். சந்தனம் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும் என்று நான் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன். பூஜை முடிந்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்ததும், எலக்ட்ரீஷியன் சேவியர் அண்ணன் மெயின் பேனலின் கைப்பிடியை இறக்குவார். அவர் கிறிஸ்தவர். ஆனால் பேனலைத் துடைத்து அதற்குப் பொட்டு வைப்பது வருடா வருடம் அவர்தான், வேறு யாரையும் விட மாட்டார். மறுநாள் காலையில் அவரே மெயினை ஏற்றுவார். ஆக, சர்வர் எழுந்திருப்பதை, பயாஸ் பேசுவதை, நான் வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன்.

சர்வர் போன அந்த விபத்துக்கு முந்தைய வருடம் அது எழுந்திருக்கும்போது ஒரு வரி சொன்னது. பேட்டரி குறைவாக இருக்கிறது, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும் என்று. வெளியே பொரியும் சுண்டலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எஃப் ஒன்றை அழுத்திவிட்டுச் சுண்டல் வாங்கப் போனேன். நடந்ததெல்லாம் அங்கேதான் தொடங்கியது. அந்த பேட்டரி கிடைக்காத பொருள் இல்லை. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, துவாக்குடி பஸ்ஸுக்காக நிற்பேன். நான் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பேட்டரி அட்டை அட்டையாகத் தொங்கும். ஒரு வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாளைக்கு வாங்கலாம், சர்வரை நிறுத்த அனுமதி கேட்க வேண்டும், அந்த ஜி.எம்.மிடம் யார் போய் நிற்பது, அடுத்த பூஜைக்கு எப்படியும் நிறுத்துவோமே, அப்போது மாற்றிக்கொள்ளலாம். இப்படியே ஒரு வருடம்.

அடுத்த பூஜை சனிக்கிழமை வந்தது. ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் கிடக்கப் போகிறது. நான் சர்வரை முறையாக நிறுத்தினேன், யூபிஎஸ்ஸையும் அணைத்தேன். பேட்டரி நினைவே வரவில்லை. சேவியர் அண்ணன் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

"மேடம், மெயினை இறக்கிரவா?"

"இறக்குங்கண்ணே. எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு."

இதுதான் அன்றைக்கு நடந்த பேச்சு. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

திங்கள் காலையில் சர்வரை ஏற்றியபோது திரையில் தேதி அது செய்யப்பட்ட வருடத்தின் ஜனவரி ஒன்று என்று காட்டியது. பார்த்த உடனேயே பேட்டரி செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நீ கவனமாக வாசி. எனக்குத் தெரியும். குறிப்புகள் அழிந்ததால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதையும் அது மறந்திருந்தது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. பதற்றத்தில் நானே மெனுவுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஓரிடத்தில் அது கேட்டது: டிஸ்க்குகளைப் புதிதாகச் சேர்க்கட்டுமா, இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா? முன்பு இருந்த மாதிரியே சேர்த்தால் முன்பு இருந்ததெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை. ஆம் என்று அழுத்தினேன். அழுத்தியது இந்தக் கைதான். டேப்பில் எடுத்து வைத்த நகலோ இரண்டு மாதம் பழையது. அதையும் வாரம் தவறாமல் எடுக்க வேண்டியது நான்தான்.

பத்து மணிக்கு ஜி.எம். வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சனிக்கிழமை பவரை ஒழுங்கா ஆஃப் பண்ணாங்களா?" என்பது. அவர் யாரையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஷட்டவுன் பண்றதுக்குள்ள மெயினை இறக்கிட்டாங்க சார்" என்றேன். சொல்லும்போது நாக்குக் குழறவில்லை. அவ்வளவு பெரிய பூசணிக்காயை அவ்வளவு சின்னச் சோற்றுப் பருக்கைக்குள் நான் மறைத்ததை அந்த மனிதர் பார்க்கவே இல்லை. சேவியர் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நான் உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே மேடம் இறக்கினேன்?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்ற நிச்சயத்தோடு கேட்டார்.

"நீங்க கேட்டீங்கண்ணே. ஆனா அது பூஜைக்கு முன்னாடி. கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இல்ல போல."

அவர் யோசிக்க ஆரம்பித்தார். என் பொய்யை நான் மறக்கலாம், அவர் அப்படி யோசித்த முகத்தை மறக்க முடியவில்லை.

மெமோ கொடுத்தார்கள். மெயின் பேனல் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. பதினோரு வருடம் அந்தப் பேனலைத் தன் வீட்டுச் சாமி படம் மாதிரி வைத்திருந்தவரை யார்டில் பல்பு மாற்ற அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானோ இரண்டு மாதத்துப் பதிவுகளை எக்ஸ்ரே ரிஜிஸ்டர்களை வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்து திரும்ப அடித்து ஏற்றினேன். அப்போது நீ ஆறாம் வகுப்பு. உனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது உன் அப்பா. அடுத்த ஆயுத பூஜையில் எல்லார் முன்னாலும் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நம் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓடுகிறதே, அதுதான். அந்தக் கடிகாரத்துக்கு ஒரு தடவைகூட பேட்டரி மாற்றத் தவறியதில்லை நான்.

உன் அப்பா அதை வைத்துக்கொண்டு ரயில்வே நண்பர்களிடமெல்லாம் கதை சொன்னார். யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் அவசரப்பட்டு மெயினை இறக்க, சர்வர் போக, உன் அம்மா தனி ஆளாக மீட்டாள் என்று. நீ அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று சொன்னாய். முதல் இன்டர்வியூவில் அந்தக் கதையைச் சொன்னேன் என்று நீ சந்தோஷமாக வந்து சொன்ன அன்று நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மெய் சொல்லிக் கெட்டவரும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தவரும் இல்லை என்பார்கள். நான் வாழ்ந்தேன். அதுதான் எனக்கு வெட்கம். பதவி உயர்வு வந்தது, உன்னைப் படிக்க வைத்தேன், ஊரில் நல்ல பெயர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன, ஒன்றையொன்று தேடிக்கொண்டு வரவே இல்லை.

ரிட்டையர் ஆவதற்கு மூன்று வருடம் முன்பு புது சர்வர் வந்தது. யூஈஎஃப்ஐயை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பயாஸைப் போல இது டிஸ்க்கின் முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. டிஸ்க்கில் தனக்கென்று ஒரு பகுதி வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பைத் தொடங்க வேண்டும் என்று பெயரோடு குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பு பேட்டரியை நம்பி இல்லை, மெயினை இறக்கினாலும் அழியாது. தேதிதான் போகும். பயாஸின் காலத்து டிஸ்க் பிரிக்கும் முறையால் கையாள முடியாத பெரிய டிஸ்க்குகளும் இதற்குப் பொருட்டில்லை. பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டால், தொடங்கப் போகும் கோப்பில் தெரிந்தவர் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே கையை எடுக்கும். ஒத்து வராவிட்டால் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லும். பழைய சரக்கை ஓட்டுவதற்காகப் புது இயந்திரமே பயாஸ் மாதிரி நடிக்கும் வசதியும் ரொம்ப காலம் இருந்தது. அந்த நடிப்பைத்தான் இப்போது நீங்கள் நிறுத்தப் போகிறீர்கள். நல்லது. உன் ஆட்களிடம் சொல், அதை நிறுத்துவதற்கு முன் டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். பார்க்காமல் மாற்றினால் எழுந்திருக்காது. எழுந்திருக்காத சர்வர் முன்னால் நிற்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை நான் சொல்லிவிட்டேன். பயத்தில் கை எதையாவது அழுத்தும், வாய் யாருடைய பெயரையாவது சொல்லும்.

இருபது வருடம் கழித்து இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்று கேட்பாய். காரணம் நீதான். போன மாதம் உன் அலுவலகத்தில் ஒரு சர்வர் அரை நாள் படுத்துவிட்டது என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? காண்ட்ராக்டில் வந்த டெக்னீஷியன் செட்டிங்கை மாற்றிவிட்டார், இனி அவரை அனுப்ப வேண்டாம் என்று எழுதிவிட்டேன் என்றாய். "அவர் பேர் என்னப்பா?" என்று கேட்டேன். "பேரா? தெரியலம்மா. வெண்டர் கம்பெனி ஆளு" என்றாய். "அவர் என்ன சொன்னார்?" என்றேன். "அவர்கிட்ட எதுக்கும்மா கேக்கணும், டீம் லீட் ரிப்போர்ட் குடுத்துட்டாங்கல்ல" என்றாய். நீ பொய் சொல்லவில்லை. என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான். ஆனால் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்ததை, கடைசியில் அடையாளம் இருக்கிறது என்பதற்காக, அப்படியே நம்பி மேலே அனுப்பியிருக்கிறாய். அன்றைக்கு எங்கள் ஜி.எம். செய்ததும் அதுதான். அன்று அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தவள் நான்.

உன் அப்பாவிடம் முதலில் சொன்னேன். "முடிஞ்சு போனதை ஏன் இப்ப கிளறுற?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இத்தனை வருடம் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர், அவருக்கும் வலிக்கும்தானே. மூன்றாம் நாள் காலையில் தானே ஸ்கூட்டரை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, "கிளம்பு. எங்க இருக்கார்னு தெரியுமா?" என்றார். தெரியும். ஜீயபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். கரூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்த போர்டை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கவில்லை.

கடை முழுக்க வாழைத் தோட்டத்துக்காரர்கள் கொண்டுவந்து போட்ட பம்ப்செட் மோட்டார்கள். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க மேடம். சார், வாங்க, உக்காருங்க" என்று துணியால் பெஞ்சைத் துடைத்தார். என்னால் உட்கார முடியவில்லை. அந்த நேரம் ஒரு விவசாயி வந்து தோட்டத்தில் மோட்டார் மாட்ட வரச் சொல்ல, சேவியர் அண்ணன் ஒரு நீளமான நோட்டை எடுத்து நீட்டினார். தேதி, இடம், மெயினை இறக்கச் சொன்னவர், கையெழுத்து என்று கட்டம் போட்ட நோட்டு. அந்த விவசாயி கையெழுத்துப் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இவர்கிட்ட ஃபியூஸ் போடணும்னாலும் கையெழுத்து வேணுங்க. அஞ்சு ஊர்ல இப்படி ஒரு ஆளைப் பார்க்க முடியாது" என்றார். சேவியர் அண்ணனும் சிரித்தார். அலமாரியில் அதே மாதிரி நோட்டுகள் அடுக்கி இருந்தன. கையெழுத்துப் பார்க்காமல் எதையும் தொடங்காத இயந்திரத்தை நீங்கள் கொண்டுவருகிறீர்கள். அப்படி ஒரு மனிதரை நான் எப்போதோ உண்டாக்கிவிட்டேன்.

விவசாயி போன பிறகு சொன்னேன். பேட்டரி, எஃப் ஒன்று, நான் ஆம் என்று அழுத்தியது, எல்லாம். "நீங்க கேட்டுட்டுத்தான் இறக்கினீங்கண்ணே. இறக்குங்கன்னு நான்தான் சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செம்புக் கம்பிச் சுருளைத் தள்ளி வைத்தார்.

"அப்ப எனக்கு ஞாபகம் இருந்தது சரிதானா மேடம்?"

"சரிதாண்ணே."

"இத்தனை வருஷமா எனக்கே சந்தேகம். கேட்டோமா, கேக்கலையா, நம்மதான் மறந்துட்டோமான்னு. வீட்டுல கேஸை மூடினேனான்னுகூட எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பேன்." பிறகு மனைவியைப் பற்றிச் சொன்னார். "ஸ்டெல்லா மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பா. நீங்க கேக்காம இறக்குற ஆளே இல்லைன்னு. நான்தான் அவகிட்ட சண்டை போடுவேன், இல்லடி, என் தப்புதான் போலன்னு."

உன் அப்பா மெதுவாக, "வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் ஆச்சு சார், அவ போயி."

அங்கே நான் அழுதேன். அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே அழுதேன். ஒரு மனிதரின் வேலையைத்தான் எடுத்துவிட்டேன் என்று இருபது வருடம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவருடைய ஞாபகத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையையே எடுத்துவிட்டேன். அவரை நம்பிய ஒரே மனுஷியிடம் அவரே எனக்காக வாதாடும்படி செய்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வரவழைத்தார், குடித்தோம். பிறகு அந்த நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இதுல போடுங்க மேடம்."

தேதிக் கட்டத்தில் அந்தச் சனிக்கிழமை ஆயுத பூஜை என்று எழுதினேன். இடம், துவாக்குடி, மெயின் பேனல். மெயினை இறக்கச் சொன்னவர் என்ற கட்டத்தில் என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "நடந்ததை ஒரு கடுதாசியாவும் எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதுங்க. அன்னைக்குக் குடுத்த மெமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு. என்ன போட்டிருக்குன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டேன்."

இது தமிழில் இருப்பதும், உனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் பொறுமையாக விளக்கியிருப்பதும் அதனால்தான். ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி அவருக்கு. நாளைக்கு நானே ஜீயபுரம் போய்க் கொடுக்கப் போகிறேன். கம்பெனியில் இப்போது இருப்பவர்களுக்கும் கையெழுத்திட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அவர்கள் என்ன செய்தாலும் சரி.

உன் பிரதியை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். வாசித்தால் முழுதாக வாசி. நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாசிக்காதே. அம்மாவின் மானம் போகுமே என்று யோசிக்காதே, அது போக வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் போகிறது. உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். யூஈஎஃப்ஐ எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்த பிறகு ஒதுங்கிக்கொள்ளும், மணி சொல்வது மாதிரி ஓரிரண்டு வேலைக்கு மட்டும் கூடவே இருக்கும் என்று படித்தபோது என்னைத்தான் நினைத்துக்கொண்டேன். உனக்கு ஓட வேண்டியதை எல்லாம் நீயே ஓட்டிக்கொள்கிறாய். அங்கே மணி என்ன, சாப்பிட்டாயா என்று கேட்கும் வேலை எனக்குப் போதும்.

ஆனால் மணி சொல்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தக் காண்ட்ராக்ட் டெக்னீஷியனின் பெயரைக் கண்டுபிடி. அவரிடம் நேரில் போய், என்ன நடந்தது என்று கேள். தப்பு அவருடையதாகவே இருக்கலாம். இருக்கட்டும், அவர் வாயால் கேட்டுவிட்டு முடிவு செய். சேவியர் அண்ணனின் பெயரை எழுத எனக்கு இருபது வருடம் ஆனது, அதற்குள் ஸ்டெல்லா போய்விட்டார். உனக்கு விமானம் ஏற இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

அம்மா